நடுவதற்கு முன் அளப்போம்

கொழும்பு நகரின் வீதிப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனால் ஒரு பழைய தோட்டத்துக்குள் நடப்பது போலிருக்கும். வெள்ளவத்தை என்ற பெயருக்குச் சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள் கூறுவர். கொட்டாஞ்சேனையின் பெயரில் இன்னும் ஒரு சேனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாளிகாவத்தையில் வத்தை உண்டு. ஒல்லாந்தர் காலத்துக் கறுவாச் செய்கையை நினைவூட்டக் கறுவாத்தோட்டம் உண்டு. செய்கை போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியது. இன்று கொழும்பில் "தோட்டத்தில் இருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால், வீட்டோடு வீடு முட்டிக்கொண்டிருக்கும் நெருக்கமான குடியிருப்பைத்தான் பெரும்பாலும் கருதுகிறார்.

ஆயினும் நெருக்கடி வரும் ஒவ்வொரு தடவையும் இந்த நகரத்தவரிடம் மண்ணைக் கொத்தும்படி சொல்லப்பட்டிருக்கிறது. 1942இல் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது சொல்லப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து மரவள்ளி சோறானபோது சொல்லப்பட்டது. 2022இல் மீண்டும் சொல்லப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலையேற்றம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னர், ஜூன் மாதத்திலேயே, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்தது.

அந்த மாதங்களில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம் குழுவினரோடு வீடு வீடாகச் சென்றோம். எங்கும் விதைப் பைக்கற்றுகள், எங்கும் வாளிகள். ஆர்வத்துக்குக் குறைவில்லை. அடுத்த ஆண்டு அதே வீடுகளுக்குச் சென்றபோது பல வாளிகளில் மண் இறுகிக் கிடந்தது, சிலவற்றில் மழைநீர் நின்றது. சோம்பல் இதற்குக் காரணமல்ல. நடுவதற்கு முன் அந்த இடத்தை எவரும் அளந்து பார்க்கவில்லை. வெயில் எங்கே விழுகிறது, நீர் எங்கே தேங்குகிறது, மண்ணுக்குள் என்ன புதைந்திருக்கிறது, கூரை எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் விதை போடப்பட்டது. அந்த அளவையே இந்தப் பாடத்தின் பொருள். கிராமத்து வாசகர்களும் இதைத் தமக்குரியதல்ல என்று ஒதுக்க வேண்டாம். இடம் சிறிதானால் பிழை சீக்கிரம் தெரியும், அவ்வளவே வித்தியாசம்.

கொப்பியும் நூலும்

பெரிய கருவிகள் தேவையில்லை. பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்று, 50 அடி அளவு நாடா, நூல்பந்து, ஒரு திசைகாட்டி, மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் தெளிந்த தண்ணீர்க் குழாய். இவை போதும். கொப்பியில் ஒரு சதுரம் ஓர் அடி என்று வைத்துக்கொள்வோம்.

காணி உறுதியோடு நில அளவைப் படம் இருந்தால் அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பேர்ச் கணக்குத்தான் அதில் இருக்கும். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கில் பழகியவர்களுக்கு, 10 பேர்ச் ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். கொட்டாஞ்சேனையில் நாம் அளந்த ஒரு பின்முற்றம் 10 அடிக்கு 12 அடி, அதாவது அரைப் பேர்ச்சுக்கும் குறைவு. அதில் கிணற்றுக்கட்டும் உடுப்புத் தோய்க்கும் கல்லும் போக, நடக்கூடிய இடம் 60 சதுர அடிதான். "இவ்வளவு தானா!" என்று அந்த வீட்டம்மா சிரித்தார். ஆனால் அன்றுதான் எத்தனை விதை வாங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

மூலை செங்கோணமா என்று பார்க்க 3, 4, 5 முறை உதவும். ஒரு சுவரில் 3 அடியும் மறு சுவரில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை நேர். பழைய வீடுகளில் பெரும்பாலும் நேர் வராது. அப்போது ஒரு சுவரை அடிக்கோடாகக் கொண்டு, அதிலிருந்து இரண்டு அடிக்கு ஒரு தடவை மறுபக்க மதில்வரை அளந்து குறித்தால் வளைவு நெளிவோடு உண்மையான வடிவம் கொப்பியில் வந்துவிடும். பின்னர் நிலையானவற்றைக் குறிக்க வேண்டும்: கிணறு, தண்ணீர்ப் பைப், மலசலகூடக் குழி அல்லது கழிவுநீர்க் குழாய் போகும் பாதை, கூரைப் பீலி, கதவு திறக்கும் பக்கம், அயல்வீட்டு மரம்.

நிழலை அளத்தல்

இந்தப் பாடத்தின் பாதி இதுதான் என்று சொல்லலாம். கொழும்பில் தோட்டத்தைக் கொல்வது பெரும்பாலும் மண் அல்ல, நிழல். வெள்ளவத்தையில் ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் தொடர்மாடிகள் எழுந்தபின் இது இன்னும் மோசமாகிவிட்டது.

கொழும்பு பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் முதற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேரே தலைக்குமேல் நிற்கும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அது நண்பகலில் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும். டிசெம்பர் 22ஆம் திகதியளவில் 10 அடி உயரமான சுவரின் நண்பகல் நிழல் வடக்கே ஏறக்குறைய 6 அடி. ஜூன் 21ஆம் திகதியளவில் அதே சுவரின் நிழல் தெற்கே 3 அடி. பத்துக்கு ஆறு, பத்துக்கு மூன்று. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் காத்திருந்து பார்க்கத் தேவையில்லை.

பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தை எப்படி அறிவது? 3 அடித் தடி ஒன்றை நிமிர்த்தி நட்டு அதன் நிழலை அளக்கவும். அதே நேரத்தில் கட்டடத்தின் நிழலையும் அளக்கவும். தடியின் நிழல் 2 அடியாகவும் கட்டடத்தின் நிழல் 24 அடியாகவும் இருந்தால், கட்டடம் 36 அடி. பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு. பிள்ளைகளிடமே விடுவது நல்லது.

வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் நடந்ததை இங்கு எடுத்துக்காட்டலாம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அதனால் ஒழுங்கையின் ஒரு பக்கத்து வீடுகள் வடக்கைப் பார்க்கும், மறுபக்கத்து வீடுகள் தெற்கைப் பார்க்கும். இவருடைய வீடு தென்பக்கத்தில் இருந்தது, முன்முற்றம் வடக்கு நோக்கியது. யாழ்ப்பாணத்தில் பழகியபடி ஒக்டோபர் மழையோடு மிளகாயும் தக்காளியும் நட்டிருந்தார். செடிகள் ஒல்லியாக நீண்டு, பூத்துக் கொட்டின.

"மண் சரியில்லையோ, ஃபாதர்? எரு எவ்வளவோ போட்டுவிட்டேன்."

"மண்ணைக் குறை சொல்ல முன் கூரையைப் பாருங்கோ, மாஸ்டர்."

வீட்டின் உயரம் 22 அடி. பத்துக்கு ஆறு என்று கணக்கிட்டால் டிசெம்பர் நண்பகலில் நிழல் 13 அடி. முற்றத்தின் ஆழமோ 12 அடி. பயிருக்கு வெயில் மிகவும் வேண்டிய காலத்தில் முற்றம் முழுவதும் வீட்டின் நிழலுக்குள் கிடந்தது. மார்ச் பிறந்தபின் அதே நிழல் நான்கைந்து அடியாகச் சுருங்கும். ஜூனில் அது முற்றத்துப் பக்கம் வரவே வராது. எதிர்ப்பக்கத்து வீட்டாருக்கு எல்லாம் தலைகீழ். ஆகவே ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீடுகளுக்கு வெவ்வேறு நடுகை அட்டவணை தேவைப்படுகிறது. இதை எந்தத் துண்டுப்பிரசுரமும் உங்களுக்குச் சொல்லாது.

காய்க்கும் பயிர்களான மிளகாய், கத்தரி, வெண்டி, பயற்றை ஆகியவற்றுக்கு நாளுக்கு 6 மணித்தியால நேர்வெயில் வேண்டும். கீரை, பொன்னாங்காணி போன்ற இலைக்கறிகள் மூன்று நான்கு மணித்தியாலத்தில் சமாளிக்கும். வல்லாரை, ரம்பை, இஞ்சி, மஞ்சள் ஆகியன அரைநிழலிலும் வளரும். 2020இல் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை எகிறியபோது, மதிலோரத்து நிழலில் நான்கு சாடி மஞ்சள் வைத்திருந்தவர்கள் கடைக்குப் போகவில்லை. காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளையும் நிழலின் விளிம்பில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அதைக் கொப்பியில் வெவ்வேறு நிறத்தில் ஏற்றினால் எந்தச் சதுரத்துக்கு எந்தப் பயிர் என்பது தானாகத் தெரியவரும்.

கடலோர வீடுகளுக்கு இன்னுமொன்று. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று உப்பைக் கொண்டுவரும். அவரையும் பயற்றையும் இலை கருகும். முருங்கை, வற்றாளை, கற்றாழை தாங்கும். காற்றுவரும் திசையையும் படத்தில் அம்புக்குறியாகப் போட வேண்டும்.

நீர் எங்கே நிற்கிறது?

யாழ்ப்பாணத்து மழை பெரும்பாலும் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் கொட்டித் தீரும். கொழும்பில் ஏப்ரல் மேயில் ஒரு தடவை, ஒக்டோபர் நவம்பரில் ஒரு தடவை, இடையிலும் தூறல். ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர். இங்கு நீர் இறைப்பதைவிட நீரை வெளியேற்றுவதே பெரிய வேலை.

நடப்போகும் இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் நிரப்பவும். வடிந்ததும் மீண்டும் நிரப்பவும். இரண்டாம் முறை நான்கு மணித்தியாலத்தின் பின்னும் நீர் நின்றால் அங்கே தரையில் பாத்தி போட வேண்டாம், மண்ணை உயர்த்தியே போட வேண்டும். வெள்ளவத்தை மணலில் இதற்கு எதிர்மாறு: ஊற்றியது ஊற்றியபடி கீழே போய்விடும். பாத்தியின் அடியில் தேங்காய்ப் பொச்சு மட்டைகளைக் குழிவுப்பக்கம் மேலாக அடுக்கி மேலே மண் போட்டால் ஈரம் நிற்கும். தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, முற்றத்தில் எந்த மூலை பதிவு என்று குறிக்கவும். மழைநீர் அங்கேதான் வந்து சேரும். உங்கள் பாத்தி அதை அடைத்தால் நீர் அயல்வீட்டுக்குப் போகும், பிறகு மதிலுக்கு மேலால் சண்டை வரும்.

சிறிது கூரைக் கணக்கும் பார்ப்போம். 100 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 230 லீற்றருக்கு மேல் விழுகிறது. சிந்தியது போக 200 லீற்றர் பீப்பாய் ஒன்று நிறையும். ஜனவரி, பெப்ரவரி வறட்சியில் 60 சதுர அடிப் பாத்திக்கு நாளுக்கு 25 லீற்றர் அளவில் தேவை. ஒரு பீப்பாய் ஒரு வாரத்துக்குப் போதும்.

ஆனால் பீப்பாய் என்றதும் நுளம்பைப் பேசாமல் விடமுடியாது. 2017இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாகினர், 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கொழும்பு மாவட்டம் அக்கணக்கில் முன்னணியில் நின்றது. டெங்கு நுளம்பு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பூச்சாடியின் அடித்தட்டு, சிரட்டை, அடைத்த பீலி, சுருண்ட பொலித்தீன், அன்னாசி இனத்து அலங்காரச் செடிகளின் இலைக்கக்கம் ஆகியவற்றில் நிற்கும் ஒரு கரண்டி நீர் அதற்குப் போதும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுக்கும். முட்டையோ உலர்ந்த பாத்திரத்தின் விளிம்பில் மாதக்கணக்காகக் காத்திருக்கும். எனவே ஊற்றிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தை வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும். சாடித் தட்டுகளை எடுத்துவிடலாம், அல்லது மணலால் நிரப்பலாம். பீப்பாயின் வாயை நுளம்பு வலையால் இழுத்துக் கட்டி, நீர் எடுக்கக் கீழே ஒரு பைப் வைக்க வேண்டும். வளவில் நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தண்டத்தைவிடப் பெரிய விடயம், அந்த நுளம்பு முதலில் கடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளையை. வாராவாரம் இதைச் செய்ய ஆளில்லாத வீட்டில் பீப்பாய் வேண்டாம் என்றே நாம் சொல்வோம். தோட்டம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

மண்ணுக்குள் கிடப்பவை

கொழும்பின் உட்பகுதி மண் பெரும்பாலும் செந்நிறக் கபுக் மண். புளிப்புத்தன்மை கொண்டது, டொலமைற் இட்டால் திருந்தும். யாழ்ப்பாணத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின்மேல் கிடப்பது, அதற்குச் செய்ததை இங்கே செய்யக்கூடாது. ஆனால் கொட்டாஞ்சேனை போன்ற பழைய பகுதிகளில் மேல்மண் இயற்கை மண்ணே அல்ல. இடித்த வீட்டின் சாந்து, ஓட்டுத்துண்டு, கண்ணாடி, கறள் ஆணி எல்லாம் கலந்த நிரப்பு. ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு நீர் விட்டுக் குலுக்கி ஓர் இரவு வைத்தால் மணல் அடியிலும், வண்டல் நடுவிலும், களி மேலும் படியும். சாந்துத் துண்டுகளும் கண்ணில் படும்.

கண்ணில் படாதது ஈயம். இலங்கையில் 2002 வரை ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்பட்டது. வாகனப் புகையோடு வந்த ஈயம் வீதியோர மண்ணின் மேற்படையில் தங்கிவிடும், மழை அதைக் கரைத்துக் கொண்டுபோகாது. பழைய யன்னல்களிலிருந்து உரியும் எண்ணெய்ப் பூச்சிலும் ஈயம் இருக்கலாம். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியையே இது பாதிக்கிறது. பயிர் உறிஞ்சும் ஈயத்தைவிட, இலையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணும் பிள்ளையின் கைவிரலில் ஒட்டிய மண்ணுமே பெரிய ஆபத்து. ஆகவே வீதியோரத்திலும் பழைய யன்னலின் கீழும் கீரை, வல்லாரை, கிழங்கு வேண்டாம். அங்கே கறிமுருங்கை, தேசி போன்ற உயரத்தில் பயன் தருபவற்றை வைத்து, வெறும் மண் தெரியாமல் சருகால் மூடிவிடலாம். இலைக்கறிக்கு உயர்த்திய பாத்தியில் புதிய மண்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்து உணவும் எரிபொருளும் வராமல் நின்றபோது கியூபாவின் ஹவானா நகரத்தார் இதைத்தான் செய்தனர். இடிபாடு நிறைந்த வெற்றுக் காணிகளில் தரையைக் கிண்டாமல், மேலே தொட்டிபோல் வரம்பு கட்டிக் கூட்டெருவால் நிரப்பிப் பயிரிட்டனர். நாம் வரம்புக்குக் கபுக் கல்லைப் பாவிக்கலாம். உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டை வரம்பாக நடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. பழைய பெயின்ற் தகரம், பற்றரிப் பெட்டி ஆகியவையும் சாடியாக வேண்டாம்.

மலசலகூடக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவிதி. கொழும்பு வளவுகளில் அந்த இடைவெளி எங்கே கிடைக்கும்? அப்படியான கிணற்று நீரைப் பச்சையாக உண்ணும் இலைகளின்மேல் தெளிக்கக் கூடாது. வேர்ப்பக்கம் விட்டால் போதும்.

மேற்தளமும் மரமும்

தொடர்மாடியில் இருப்போர் மேற்தளத்தில் பாத்தி போடக் கேட்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஓர் அடி ஆழத்துக்கு ஈரமண் போட்டால் அதன் பாரம் 500 கிலோவைத் தாண்டும். சாதாரண வீட்டுத் தளம் மனிதர் நடமாட்டத்துக்கெனச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோ என்ற கணக்கிலேயே கட்டப்படுகிறது. தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்த இலேசான கலவையை 20 லீற்றர் வாளிகளில் இட்டு, கீழே சுவர் அல்லது வளை வரும் ஓரங்களில் மட்டும் வைக்கலாம். அதற்கும் பொறியியலாளரிடம் ஒரு சொல் கேட்டு, நிர்வாகக் குழுவின் அனுமதியும் பெற வேண்டும்.

மரம் நடுவோர் இருபது ஆண்டு முன்னோக்கிப் பார்க்க வேண்டும். பலாவும் ஈரப்பலாவும் பஞ்சகாலத்தில் சோறு போட்ட மரங்கள், மதிப்புக்குரியவை. ஆனால் நான்கு பேர்ச் காணியில் மதிலோரம் நட்ட பலா மதிலைத் தள்ளும். அப்போது வெட்டவும் முடியாது, 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். சிறிய வளவுக்குக் கறிவேப்பிலை, தேசி, அகத்தி, முருங்கை போதும்.

பசளை பற்றி நீட்ட விரும்பவில்லை. 2021 ஏப்ரலில் அறிவித்து மேயில் வர்த்தமானியில் வந்த இரசாயனப் பசளை இறக்குமதித் தடை நவம்பரில் கைவிடப்பட்டது. இடையில் விவசாயிகள் பட்ட பாட்டை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சேதனப் பசளை நல்லது. ஆனால் அது மண்ணில் ஆண்டுக்கணக்காகச் சேர்வது, உத்தரவில் வருவதல்ல. அதனால்தான் படத்தில் கூட்டெருத் தொட்டிக்கான இடத்தை முதல் நாளே ஒதுக்கச் சொல்கிறோம். மூடியுள்ள பீப்பாய், வடியும் அடித்தளம், வீட்டுச் சுவரிலிருந்து விலகிய மூலை. மரக்கறித் தோலும் சருகும் போடலாம். சோறு, மீன், இறைச்சி போட்டால் எலி வரும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரும்.

குழு வேலை

நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வீட்டைத் தெரிவுசெய்து, இரண்டு சனிக்கிழமைகளில் இதைச் செய்யலாம். முதற் சனிக்கிழமை அளந்து படம் வரைந்து மூன்று வேளை நிழற்கோடு போடுங்கள். தெற்கே நிற்கும் உயர்ந்த சுவரைப் பத்துக்கு ஆறு என்றும், வடக்கே நிற்பதைப் பத்துக்கு மூன்று என்றும் கணக்கிட்டு, டிசெம்பர், ஜூன் நிழல்களையும் ஏற்றுங்கள். அடுத்த சனிக்கிழமைக்குள் குழி நிரப்பிய சோதனையும் போத்தல் சோதனையும் முடிந்திருக்க வேண்டும். பிறகு வட்டமாக இருந்து பேசுங்கள்: இந்த வளவில் பிள்ளைகள் விளையாடும் இடம் எது, அங்கே மண் பழையதா புதியதா? வாரம் ஒரு தடவை நீர்ப் பாத்திரங்களைத் தேய்ப்பவர் யார், அவர் ஊருக்குப் போனால் யார்? டிசெம்பரிலும் ஜூனிலும் 6 மணித்தியால வெயில் கிடைக்கும் சதுரங்கள் எத்தனை? அத்தனை சதுரத்துக்கு மட்டும் எத்தனை மிளகாய்க் கன்று வேண்டும்?